ஜமுனா சொன்ன கோளாறு

பழவேற்காடு கடைத்தெருவில் தேவேந்திரனின் ரிப்பேர் கடைக்கு மத்தியானத்துக்கு மேல்தான் கூட்டம் வரும். மீன் ஏலம் முடிந்து, குளித்துச் சாப்பிட்ட பிறகுதான் ஜனங்களுக்குப் பழுதான செல்போன் ஞாபகத்துக்கு வரும். ஆகவே அன்று காலை ஜமுனா வந்து நின்றபோது கடையில் வேறு யாருமில்லை. தேவேந்திரனுக்கு அவசர வேலையும் இல்லை.

அவள் படியேறாமல் வாசலிலிருந்தே துணிப்பையை நீட்டினாள். உள்ளே ஒரு பழைய லேப்டாப். அவள் அண்ணன் ரமேஷ் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசு இலவசமாகக் கொடுத்தது.

"அண்ணா, ஓடிக்கினே இருக்கும், திடீர்னு அணைஞ்சிடுது. சார்ஜ் ஃபுல்லா இருந்தாலும் அணையுது. மத்தியானத்துல வீடியோ போட்டா சீக்கிரமே போயிடுது. அடியில தொட்டா கை சுடுது. உள்ள ஃபேன் சத்தங்கூட இப்ப ஒரு மாதிரி..."

"சரி சரி, குடு."

ஜமுனா ஏரியோரக் காலனிப் பெண். அங்குள்ளவர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பனையோலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள். தேவேந்திரன் கடலோரக் குப்பத்துக்காரன். படகும் வலையும் உள்ள வீடு. இரண்டு தரப்பும் ஒரே ஏரியில்தான் இறால் எடுத்தன. ஆனால் காலனிக்குள் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன் என்று அவன் குப்பத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இதைப் பற்றியெல்லாம் தேவேந்திரன் உட்கார்ந்து யோசித்தவனல்ல. பிறந்ததிலிருந்து அப்படி இருந்தது, அவனும் அப்படியே இருந்துவிட்டான்.

லேப்டாப்பை விரல் நுனியால் எடுத்து மேசையில் வைத்துப் பட்டனை அழுத்தினான். திரை எரிந்தது. தலைக்கு மேல் கடையின் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சற்று நேரம் பார்த்தான்; அணையவில்லை.

"நல்லாத்தான கீது? உங்க வூட்ல கரண்டு சரியில்ல. பழைய மிஷின கண்டபடி நோண்டுனா இப்டித்தான்."

"இல்லண்ணா, வர்ற வாரம் எனக்கு இன்டர்வியூ. வீடியோவுலயேதான் பேசுவாங்க. ஒருதரம் தொறந்து பாத்தீங்கன்னா..."

"தொறக்கறதுக்கு அதுல ஒண்ணுமில்ல. எடுத்துக்கினு போ."

அவள் போய்விட்டாள். தேவேந்திரனும் அதை அத்தோடு மறந்துவிட்டான்.

இரண்டு வாரம் கழித்து மனோஜ் வந்தார். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். அவர் கையிலும் ஒரு லேப்டாப்.

"தேவா, திடீர் திடீர்னு ஆஃப் ஆவுதுப்பா."

"உள்ள வந்து உக்காருங்க சார்." எதிர்க்கடையில் டீ சொல்லிவிட்டு, தேவேந்திரன் வரிசையாகக் கேட்டான். "எப்ப சார் அணையுது? வீடியோ ஓடும்போதா, சும்மா இருக்கும்போதா? வெய்யில் நேரத்துல ஜாஸ்தியா? அடியில சூடாவுதா?"

"அதெல்லாம் யாருப்பா கவனிச்சா? அணையுது, அவ்ளோதான்."

தேவேந்திரன் அடிமூடியைக் கழற்றினான். சின்ன ஃபேனின் வாயில், உப்புக்காற்றின் ஈரமேறி இறுகிய தூசி கம்பளித் துண்டுபோல அடைத்துக்கொண்டிருந்தது. பிராசஸர் மேல் சூட்டைக் கடத்தத் தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தது. சூடு வெளியேற வழியில்லை. சூடு எல்லை மீறினால் மிஷின் கருகிப்போகாமல் இருக்கத் தானே அணைந்துகொள்ளும். அடைப்பை எடுத்து, புதுப் பேஸ்ட் தடவி, வீடியோவை ஓடவிட்டு நெடுநேரம் பார்த்தான். அணையவில்லை. மனோஜ் சந்தோஷமாகப் போனார்.

பிரஷ்ஷிலிருந்த தூசியை உதறிக்கொண்டிருந்தவனுக்குச் சட்டென்று கை நின்றது. மனோஜுக்குத் தெரியாத பதிலையெல்லாம், அவன் கேட்காமலேயே, ஒருத்தி இதே வாசலில் நின்று சொல்லியிருந்தாள். வீடியோ, வெயில் நேரம், கை சுடுவது, ஃபேன் சத்தம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை.

மறுநாள் காலை மீன் மார்க்கெட்டுக்குப் போனான். ஜமுனாவின் அம்மா அம்மணி அங்கே இறால் விற்பவள். தேவேந்திரனின் தாய் வயதிருக்கும். ஆனாலும் அவனுக்கு அவள் பேர் சொல்லிக் கூப்பிடும் வெறும் அம்மணிதான்.

"அம்மணி, உம் பொண்ணு லேப்டாப்பு எப்டி கீது?"

அம்மணி இறாலைக் கூறு வைப்பதை நிறுத்தவில்லை. "இன்டர்வியூ நடக்கும்போதே அணைஞ்சிபோச்சி நைனா. மறுபடி போட்டா, மறுபடியும் போச்சி. அவுங்க வேற ஆள எடுத்துக்கினாங்களாம். மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரி, கடைசி ரவுண்டு வரைக்கும் வந்திருந்தா. இப்ப எங்கூட ஏரில எறங்குறா."

அவள் அவனைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அன்றைக்கு மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு, சாமான் பையை வண்டியில் மாட்டிக்கொண்டு காலனிக்குப் போனான்.

தகரக்கூரை வீடு. உச்சி வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது. ஜமுனா அப்போதுதான் ஏரியிலிருந்து வந்திருந்தாள். இறால் முள் கிழித்த விரலில் துணி சுற்றியிருந்தாள். அவனைக் கண்டு திகைத்தாலும், அவன் கையிலிருந்த சாமான் பையைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை எடுத்துவந்து வைத்தாள். தேவேந்திரன் தரையில் உட்கார்ந்து திறந்தான். உள்ளே அதே அடைப்பு, மனோஜுடையதைவிட மோசம்.

வேலை பாதியில் நாக்கு வறண்டது. "குடிக்க தண்ணி கெடைக்குமா?"

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "செத்த இருங்கண்ணா, கடையில போயி பாட்டில் வாங்கியாறேன். சீல் ஒடைக்காததா பாத்து வாங்கியாறேன்" என்று ஜமுனா எழுந்தாள்.

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஊர் வழக்கம் தெரிந்தவளாகச் சாதாரணமாகத்தான் சொன்னாள். தேவேந்திரனுக்குத்தான் முகம் சுண்டிப்போயிற்று. கைக்கெட்டும் தூரத்தில் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது.

"எங்கியும் போவாதம்மா. இந்தக் கொடத்துலயே மொண்டு குடு."

அவன் குடித்து முடிக்கும்வரை அம்மணி கண் கொட்டாமல் பார்த்தாள். பிறகு வேலையை முடித்து, அந்தத் தகரக்கூரையின் அடியிலேயே வீடியோவை ஓடவிட்டு, வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்தான். லேப்டாப் அணையவில்லை.

அடுத்த மாதம் வேறொரு கம்பெனியின் இன்டர்வியூ வந்தது. இந்தத் தடவை ஜமுனா முழுதாகப் பேசி முடித்தாள், வேலையும் கிடைத்தது. சொல்லிவிட்டுப் போகக் கடைக்கு வந்தாள். குப்பத்து ஆட்கள் இரண்டு பேர் அப்போது உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்லவேள, அன்னிக்கி வந்து சரி பண்ணேன்" என்றான் தேவேந்திரன், கொஞ்சம் பெருமையாக.

"நல்லவேளதாண்ணா. ஆனா அந்த ஆஸ்பத்திரி வேல போனது போனதுதான். நான் மொதல்ல சொன்னதத்தான நீங்க அப்புறம் தொறந்து பாத்தீங்க?"

"சொன்ன. நாந்தான் காதுல வாங்கல."

"ஏண்ணா வாங்கல?"

குப்பத்து ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கரண்டு, பழைய மிஷின் என்று சமாளிக்க தேவேந்திரனுக்கு ஆயிரம் வழி இருந்தது. அவன் சமாளிக்கவில்லை.

"காலனிப் பொண்ணு, உனுக்கு இன்னா தெரியப்போவுதுன்னு நெனச்சிட்டேம்மா. தப்பு எம்மேலதான்."

ஜமுனா கோபமில்லாமல் சொன்னாள்:

"இனிமே வந்து சொல்றது யாருன்னு பாக்காதீங்கண்ணா, இன்னா சொல்றாங்கன்னு கேளுங்க. ஆளப் பாத்து காத மூடிக்கினா மிஷின் கோளாறும் புரியாது, மனுசன் கஷ்டமும் புரியாது."