கூட்டமில்லாத புதன்கிழமை

கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப்ஸ் பக்கத்து சைலஸ் ஐந்தடி ஏழங்குலத்திலிருந்து நாலடி ஓரங்குலத்துக்கு இறங்கப் பன்னிரண்டு வருடம் ஆனது. வியாதி ஒன்றும் கிடையாது. கூட்டத்துக்குள் போய் வந்தால் குறைவார், அவ்வளவுதான். முதலில் கண்டுபிடித்தவர் டெய்லர் தசரதன். மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில், மூன்று மாதத்துக்கொரு முறை அதே பேன்ட்டைக் கொண்டுவந்து மடித்துத் தைக்கச் சொல்வார் சைலஸ். நாலாவது தடவை தசரதன் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "பேன்ட்டு நீளல சார், நீங்கதான் கம்மி ஆயினே போறீங்க" என்றார். ஊர் இதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ரயிலில் நின்றுகொண்டே போய் வருகிற எல்லோருக்கும் ஏதோ ஒன்று குறைந்துகொண்டுதான் இருந்தது. பலருக்குத் தூக்கம், இவருக்கு அங்குலம். கோலாரில் ஒரு டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நகம் நன்றாக வளர்ந்தது. கடைசியில் சைலஸ் வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே ராபர்ட்சன்பேட்டையில் மிக்ஸி ரிப்பேர் கடை போட்டார். மிக்ஸி ரிப்பேருக்கு யாரும் கும்பலாக வருவதில்லை. சர்ச்சுக்கு முதல் பாட்டு முடிந்தபின் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய், ஜெபம் முடியுமுன் வெளியே வந்துவிடுவார். நாலு வருடம் அரை அங்குலம்கூடக் குறையாமல் ஓட்டினார்.

அதைக் கெடுத்தது அவர் மனைவி ஜூடித். அவளே அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். அவளுடைய அண்ணன் மகளுக்கு பெங்களூரில் கல்யாணம். சைலஸ் வரவில்லை என்றார். ஒரு மணி நேரம்தானே, தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம், அண்ணன் என்ன நினைப்பார் என்று நச்சரித்து அழைத்துப் போனாள். வரவேற்பில் ஐந்நூறு பேர். பந்தியில் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் வந்து நின்றுகொண்டார்கள். ஒரே சாயங்காலத்தில் நாலங்குலம் போயிற்று. வீட்டுக்கு வந்து குளிக்கப் போனவருக்குத் துண்டு மாட்டும் கொக்கி எட்டவில்லை. சுத்தியலை எடுத்துவந்து கொஞ்சம் கீழே வேறொரு ஆணி அடித்து, துண்டை அதில் மாட்டினார். ஜூடித் அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். முன்பெல்லாம் மூன்று மாதத்துக்கு அரை அங்குலம், இப்போது ஒரே சாயங்காலத்தில் நாலு. இனி ஒரு பெரிய கூட்டம் போதும், மனுஷனை மடியில் வைத்துத்தான் கூட்டிவர வேண்டும், அல்லது அதுவும் முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அதற்குப் பின் அவள் அவரை எங்கேயும் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினாள், வீட்டுக்கு வந்தாள்.

ஆனால் ஜூடித் கடலைப் பார்த்ததில்லை. நாற்பத்தெட்டு வயதாகிறது; மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் கடல் பாடம் நடத்துகிறாள், அலையைக் கையால் செய்து காட்டுகிறாள். கல்யாணமான புதிதில் மகாபலிபுரம் கூட்டிப்போவதாகச் சொன்னவர் சைலஸ். இருபத்தைந்தாவது வருடம் அவரே பேச்செடுத்தார். "வேணாங்க. நீங்க இப்ப கீற உயரமே எனக்குப் போதும்" என்றாள் ஜூடித். அதற்கு அவர், எந்த ஊர்க் கடற்கரையாக இருந்தாலும் ஒருத்தரும் இல்லாத ஒரு மணி நேரம் இருந்தே தீரும், அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை என்றார். கண்டுபிடிக்க எட்டு மாதம் பிடித்தது. சனி ஞாயிறு ஆகாது. மார்கழி ஆகாது, நாட்டிய விழா. தை ஆகாது, பள்ளிச் சுற்றுலா பஸ்கள். மாசி மகத்துக்கு இருளர்கள் கரையிலேயே தங்குவார்கள். கோடை விடுமுறையைப் பற்றிப் பேச்சே இல்லை. விடிகாலையில் சூரிய உதயம் பார்க்க வருகிறார்கள், சாயங்காலம் காற்று வாங்க வருகிறார்கள். லாட்ஜ்காரர், சங்கு விற்பவர், பஸ் கண்டக்டர் என்று ஒருவரை விடாமல் போனில் விசாரித்து அவர் கண்டடைந்த நேரம் இது: ஜூலை மாதம், இரண்டாவது புதன்கிழமை, மத்தியானம் ஒன்றரையிலிருந்து இரண்டரை. மணல் கொதிக்கும், நாய்கூட இருக்காது.

தப்பு எங்கே நடந்தது என்றால், இந்த எட்டு மாதமும் கடையில் மிக்ஸியை அவிழ்த்துக்கொண்டே இதை வந்தவரிடமெல்லாம் சொல்லி யோசனை கேட்டதில்தான். தங்கவயலில் பாதி ஊர் தினமும் ரயிலில் இடிபட்டு வருகிறது. அங்கே போய், கூட்டமே இல்லாத ஓரிடம் இருக்கிறது, இன்ன தேதி, இன்ன மணி என்று சொன்னால் யார்தான் விடுவார்கள்?

புதன்கிழமை ஒன்றரைக்கு ஜூடித்தும் சைலஸும் காரை விட்டு இறங்கியபோது கரையில் ஒருவருமில்லை. ஜூடித் செருப்போடு ஓடி, கடலைப் பார்த்து நின்று, "இவ்ளோ பெருசா?" என்றாள். பத்து நிமிஷம் அந்தக் கடல் அவர்களுடையதாக இருந்தது. பிறகு முதல் வேன் வந்தது. கோலார் நம்பர். நேசமணி, பக்கத்து வீடு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்து, "இன்னா ஜூடித்து, நீங்களும் வந்துட்டீங்களா? கூட்டமே இருக்காதாமே!" என்றாள். அவளுக்குப் பின்னால் பத்து வேன்களும் இரண்டு பஸ்களும். முந்நூறு பேருக்குக் குறையாது. எல்லோரும் ஒரே சமயத்தில் தண்ணீரைப் பார்த்து ஓடிவந்தார்கள். முன்னால் கடல், பின்னால் ஊர், சைலஸ் நடுவில். ஜூடித் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய சட்டைக் கை மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கையைத் தொட்டது. "ஜூடித்து" என்றார் சின்னக் குரலில். போயிற்று, கடலுக்கு ஆசைப்பட்டு மனுஷனைத் தொலைத்தேன் என்று அவள் அவர் முன்னால் போய்க் கை இரண்டையும் விரித்து நின்றாள்.

ஜூடித்தின் அப்பா தங்கச் சுரங்கத்தில் பேங்க்ஸ்மேன். ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியின் வாய்க்கருகே நின்று, ஆட்களை கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏற்றி, கதவைச் சாத்தி, மணி அடித்துக் கீழே அனுப்புகிற வேலை. கேஜில் ஏறியவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும், கை தன் உடம்போடு இருக்க வேண்டும், ஒருத்தன் மூச்சு இன்னொருத்தன் முகத்தில் படக்கூடாது. அதுவரை அவர் கதவைச் சாத்தமாட்டார். அந்த மனிதரின் குரல் அன்றைக்கு ஜூடித்தின் தொண்டையிலிருந்து வந்தது. "கேஜுல ஆள் கீறாங்க! எல்லாம் ஒரே பக்கம் பாருங்க! கைய உள்ள வைங்க!" சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேலாகிறது. அங்கிருந்த பாதிப் பேர் கேஜைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் முந்நூறு பேரும் ஓடிய காலை நிறுத்தி, கிழக்கே திரும்பி, கையை மார்போடு கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். யாரும் யாரையும் தொடவில்லை. அவர்கள் நடுவில் சைலஸைச் சுற்றி ஒரு முழம் இடம் இருந்தது. அப்படியே, வரிசை கலையாமல், ஷிப்டுக்கு இறங்குகிற மாதிரி எல்லோரும் கடலில் இறங்கினார்கள்.

தண்ணீர் ஜூடித்துக்குத் தொடை வரை, சைலஸுக்கு இடுப்பு வரை வந்தது. அவள் கடலைப் பார்க்கவில்லை. அவருடைய உச்சந்தலையைத் தன் தோளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். தோளுக்கு நாலு விரல் கீழே. பத்து அலை வந்து போயிற்று. நாலு விரல் கீழேதான். அரை மணி நேரம் ஆயிற்று. அப்போதும் நாலு விரல். அன்றைக்கு அவர் குறைந்தது மொத்தத்தில் அரை அங்குலம், அதுவும் அவள் சத்தம் போடுமுன் குறைந்தது. ஜூடித்துக்கு உயிர் வந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, உப்புத் தண்ணீரை வாயில் வாங்கித் துப்பினாள். ஏன் குறையவில்லை என்று கேட்டால் தங்கவயலில் இன்றுவரை யாரிடமும் பதில் இல்லை. கேட்கிறவர்களும் இல்லை.

"அடுத்த தடவ எந்தக் கெழம, எத்தன மணின்னு இப்பவே விசாரிச்சு வச்சிடணும்" என்றார் சைலஸ்.

"ஞாயித்துக்கெழம" என்றாள் ஜூடித். "சாயங்காலம்."

அவர் சரி என்றார்.