எட்டாத கட்டில்

பண்டத்தரிப்பில் குணலட்சுமியின் வாய்க்குத் தப்பியவர் யாருமில்லை; அவள்கூடத் தப்பியதில்லை. சண்டைக் காலத்தில் ஷெல் பட்டு இடுப்புக்குக் கீழே இயக்கமற்றுப் போன நாளிலிருந்து, மற்றவர்கள் பரிதாபப்பட வாய் திறக்குமுன்பே தன்னைத்தானே பகிடி பண்ணி முடித்துவிடுவாள். அதில் தான் பெரிய கெட்டிக்காரி என்று அவளுக்கொரு நினைப்பு.

அன்று பெண்கள் கிளினிக். மார்பில் புற்றுநோய் வந்து அம்மா போய்ச்சேர்ந்த வயது அவளுக்கும் வந்துவிட்டது. தலை முழுகி, கலியாண வீடுகளுக்கென்று வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தம்பிராசாவின் ஓட்டோவில் போய் இறங்கினாள். என்னவோ டொக்டர் சட்டையைத்தான் சோதிக்கப் போகிறார் என்பதுபோல.

சோதிக்கிற கட்டிலோ அவளுடைய சக்கர நாற்காலியிலிருந்து எட்டாத உயரம். நேர்ஸ் ஸ்ரெல்லா கட்டிலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக் கையைப் பிசைந்தாள். பிறர் சங்கடப்படப் பொறுப்பாளா குணலட்சுமி?

"என்னை ஏத்துறதெண்டால் காங்கேசன்துறை ஹாபரிலையிருந்து கிரேன் எல்லோ வரவேணும், பிள்ளை."

வாங்கில் வரிசையாய்க் காத்திருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். ஸ்ரெல்லாவும் சிரித்து, "அப்ப இன்னொரு நாளைக்குப் பாப்பம், அக்கா" என்றாள். "ஓம், ஓம்" என்று பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

"சோதிச்சாச்சோ அக்கா?" ஓட்டோ புறப்பட்டதும் தம்பிராசா கேட்டான்.

அடுத்த பகிடி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கூடவே அம்மாவும் வந்தாள். கட்டியை மறைத்து, "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கிறன்" என்று சிரித்துச் சிரித்தே நாளைக் கடத்தியவள். குணலட்சுமியும் எல்லாருடைய சங்கடத்தையும் தீர்த்துவைத்து, தன்னைச் சோதிக்காமலே அனுப்ப வழியும் காட்டிக் கொடுத்திருக்கிறாளே, மடைச்சி!

"ஓட்டோவைத் திருப்பு, தம்பி."

திரும்பவும் அவளைக் கண்டதும் ஸ்ரெல்லா முன்கூட்டியே சிரித்தாள்.

"பகிடி இல்லைப் பிள்ளை. அம்மா உந்த வருத்தத்திலைதான் செத்தவ. எனக்குப் பயமாயிருக்கு. பாக்காமல் நான் போகமாட்டன்."

ஸ்ரெல்லாவின் சிரிப்பு நின்றது. உள்ளேயிருந்து டொக்டரம்மா எழுந்து வந்தார்.

"மார்பைப் பாக்கக் கட்டில் என்னத்துக்கு? கதிரையிலை இருந்தபடியே பாக்கலாம். மற்றக் கர்ப்பப்பைச் சோதனைக்குத் தூக்கி ஏத்த ஆக்களைக் கூப்பிடு, ஸ்ரெல்லா."

திரையை இழுத்துவிட்டுச் சோதித்தார். அவருடைய விரல்கள் இடப்பக்கத்தில் ஓரிடத்தில் நின்றன. விலகிப் போய், மறுபடியும் அங்கேயே வந்தன.

"சின்னக் கட்டிதான். ஆனால் ஸ்கான் பண்ணிப் பாக்கவேணும். நல்லகாலம், இண்டைக்கே வந்தீங்கள்."

குணலட்சுமி பகிடிக்குத் திறந்த வாயை மூடிக்கொண்டாள். ஸ்ரெல்லாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"போயிருப்பன், பிள்ளை," என்றாள். "சிரிச்சுக்கொண்டே போயிருப்பன்."