டிராக் குரல்

நாலாவது பாட்டில் தன் குரல் அவளுக்கே பிடித்துப்போனது.

அவளுடைய முதல் ஆல்பம். ரிதம் அண்ட் ப்ளூஸ் மாதிரி மேல்நாட்டுப் பாட்டெல்லாம் இங்கே யார் கேட்பார்கள் என்று பல கம்பெனிகள் கைவிரித்த பிறகு இந்தக் கம்பெனி எடுத்துக்கொண்டது. கம்பெனி மேனேஜர் ஸ்டுடியோ சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கீழே கார் நின்றது. கேட்டு முடித்ததும் ஹார்ட் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

கடைசி வரியில் குரல் மேலே ஏறி, ஒரு கணம் அங்கேயே நின்று, உருண்டு இறங்கியது.

"இதான்!" மேனேஜர் எழுந்துவிட்டார். "இந்த ஒரு வரி போதும்மா. பூனை, திரும்பப் போடு."

ஒலிப்பதிவாளரை எல்லோரும் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். நடந்தால் சத்தம் வராது. அவன் திரும்பப் போட்டான். மேனேஜர் போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டி முதலாளிக்குக் கேட்கவைத்தார்.

இந்த முறை அவள் கூர்ந்து கேட்டாள். அந்த வரியைப் பாடிய அன்று தொண்டை கட்டியிருந்தது. அவள் மேலே போகவே இல்லை.

போனது அக்கா.

அக்கா டிராக் பாடுகிறவள். வாத்தியக்காரர்களுக்கு வழிகாட்ட முதலில் ஒருவர் பாடிவைப்பார். நிஜப் பாடகர் வந்து பாடியதும் அந்தக் குரலை எடுத்துவிடுவார்கள். அக்கா எத்தனையோ பேருக்கு அப்படிப் பாடியிருக்கிறாள். ஒரு பாட்டிலும் அவள் இல்லை. தங்கையின் ஆல்பத்துக்கும் அவள்தான் பாடிவைத்தாள். போனில் பேசினால் எது யார் குரல் என்று அம்மாவுக்கே பிடிபடாது. பூனை ஒரு வரியை மாற்றாமல் விட்டிருக்கிறான்.

அக்கா மூலையில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"முதலாளிக்குப் பிடிச்சிருச்சு," என்றார் மேனேஜர். "விளம்பரமே இந்த வரிதான். ஏம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"ஒரு நிமிஷம் சார்."

அக்காவை வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"ம்."

"எப்பலேர்ந்து?"

"போன வாரம் பூனை போட்டுக் காட்டினான். அவனுக்குத் தெரியல. நானும் சொல்லல."

"ஏன்க்கா?"

"நீயே கண்டுபிடிக்கிறியான்னு பாத்தேன்."

"கண்டுபிடிக்கலன்னா?"

"இருந்துட்டுப் போகட்டும்னு விட்டிருப்பேன். பேரா கேட்டேன்? ஒரு வரிடி."

"என் ஆல்பம்க்கா."

"யாரு இல்லன்னா? நான் வாயத் திறந்தேனா?"

"அதான் பயமா இருக்கு."

அவள் உள்ளே போய், "சார், அந்த வரி நான் பாடினது இல்ல. அக்காவோட டிராக்," என்றாள்.

பூனை திரையில் பெரிதாக்கிப் பார்த்தான். "ஐயோ," என்றான்.

மேனேஜர் மெல்ல உட்கார்ந்தார். "அதனால என்ன? நீ சொல்லித்தான் எனக்கே தெரியுது. வெளில எவனுக்குத் தெரியப்போகுது?"

"மேடைல யாரு பாடுவா சார்?"

"நான் திரைக்குப் பின்னால நிக்கிறேன்," என்றாள் அக்கா வாசலிலிருந்து. "பழக்கம்தானே."

பூனை சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "அக்கா பேரையும் போட்டுடலாமே சார்."

"முதல் ஆல்பம். அதுல நல்ல வரி வேற ஆளுதுன்னு நாமளே எழுதி ஒட்டணுமா? வெளங்கிரும்."

தங்கையும் அதைத்தான் நினைத்தாள். தான் சொல்லாமல் அவரே சொன்னது வசதியாக இருந்தது.

"நான் இப்பவே பாடுறேன்."

"பாடு. சரியா வரலன்னா இதான் போகும்."

கண்ணாடி அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டினாள். முதல் முறை குரல் பாதியில் உடைந்தது. அடுத்த முறை ஏறியது, சுருதி விலகியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் வாட்சைப் பார்த்தார். அக்கா பூனையின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். அவள் உதடுகள் ஓசையில்லாமல் அந்த வரியைப் பாடிக்கொண்டிருந்தன. அது அவளுக்கே தெரிந்திருக்காது.

தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா தொட்ட இடத்துக்குப் போக முயலவில்லை. பாதியில் நின்று, பேசுவதுபோல, கரகரப்போடு கீழே விட்டாள்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள்.

"முன்னாடி இருந்ததே நல்லா இருந்துச்சு," என்றார் மேனேஜர்.

"தெரியும் சார். ஆனா இதை நான் எங்க வேணா பாடுவேன்."

அவர் சாவியைக் கையில் உருட்டினார். "முதலாளி கேட்டா நீயே பேசிக்க. நான் தலையக் குடுக்க மாட்டேன்."

"பேசுறேன்."

அக்காவின் வரி திரையில் ஒரு பச்சைப் பட்டை. பூனையின் விரல் அதற்கு மேல் நின்றது. "எடுத்துடவா?"

யாரைக் கேட்டான் என்று தெரியவில்லை. அக்கா தங்கையைப் பார்த்தாள். அன்று அப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

"எடுத்துடு," என்றாள் தங்கை.

பட்டை மறைந்தது. புதியதை அந்த இடத்தில் வைத்தான்.

"ஒரு தடவை முழுசாப் போடு. கேட்டுட்டுப் போறேன்," என்றாள் அக்கா.

பாட்டு ஓடியது. அந்த வரி வந்தபோது தங்கை தரையைப் பார்த்தாள். பாட்டு முடிந்தும் அக்கா நகரவில்லை.

"வேற எங்கயாவது என்னை விட்டு வெச்சிருக்கியா?" என்று பூனையைக் கேட்டாள்.

"இல்லக்கா."

"நல்லாப் பாரு."

மேனேஜர் காத்திருந்தார். பூனை முதல் பாட்டிலிருந்து பார்க்க ஆரம்பித்தான்.