வலப்பக்கக் கைதட்டல்

பெங்களூர் லிங்கராஜபுரம் பால்வாடியில் பதினோரு வருஷமாகப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தே பழகிய யூனிஸ் டீச்சருக்கு நாற்காலி என்றாலே ஒரு கூச்சம். அன்றைக்குப் பயிற்சி முகாமிலும் கடைசி வரிசையில் ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்தாள். சர்ச்சின் பங்கு அலுவலகத்துப் பெர்னார்ட் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்துக்கொண்டு வந்தார். பச்சை அட்டை. 'மழலையர் வகுப்பறை: ஆசிரியைகளுக்கு ஒரு கையேடு.' அதற்குக் கீழே 'டீனா ரெமிஜியஸ்' என்று போட்டிருந்தது.

யூனிஸுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. டீனா யாரோ எவரோ இல்லை. அதே பால்வாடியில் பக்கத்து அறை டீச்சர், ஏழு வருஷத்துச் சிநேகிதி. 'கள்ளி, என்கிட்டகூடச் சொல்லலையே' என்று மனசுக்குள் செல்லமாகத் திட்டிக்கொண்டே முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

'முதல் வாரம் அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரியாதீர்கள். அதன் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். தம்ளர் அடுக்கச் சொல்லுங்கள். இரண்டு கையிலும் தம்ளர் இருந்தால் கண்ணைக் கசக்க முடியாது.'

இது யூனிஸ் எழுதியது. வகுப்பில் கற்றுக்கொண்டதையெல்லாம் குறித்து வைத்த தன் நோட்டில் 'திரியாதே' என்று எழுதியிருந்தாள். டீனா அதைத் 'திரியாதீர்கள்' ஆக்கியிருந்தாள். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

பக்கங்களைப் புரட்டினாள். பென்சில் கொடுக்கும் முன்னால் விரலுக்கு வலு வர ஈரத்துணி பிழிய விடுவது. புளியங்கொட்டையையும் அவரைக்கொட்டையையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்வது. எந்தப் பிள்ளை கொட்டையை மூக்கில் போட்டுக்கொள்ளும் என்று முதல் நாளே பார்த்து வைப்பது. அந்தக் கடைசி வரியை எழுதுவதற்கு முன்னால் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் யூனிஸ். டீனா அன்றைக்கு லீவு.

நோட்டு போன வருஷம் ஜூன் மாதம் டீனாவிடம் போனது.

"அக்கா, குடுங்க, நான் டைப் பண்ணி உங்க பேர் போட்டு ஃபாதர்கிட்ட குடுக்கறேன். ஆறு பால்வாடிக்கும் சூப்பர்வைசர் போடப்போறாங்களாம். இதப் பாத்தா உங்களத்தான் போடுவாங்க. சும்னே பொட்டியில வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

பத்தாம் நாள் டீனா அழுதுகொண்டு வந்தாள். நோட்டைச் சிவாஜிநகர் பஸ்ஸில் விட்டுவிட்டாளாம். யூனிஸ்தான் அவளுக்குக் காபி வாங்கிக் கொடுத்துத் தேற்றினாள். இரண்டு பேரும் டெப்போவுக்குப் போனார்கள். ஒரு மத்தியானம் பூரா கண்டக்டர்களை விசாரித்தார்கள். யூனிஸைவிட டீனாதான் அதிகம் விசாரித்தாள். திருடியதைக்கூட மன்னித்துவிடலாம். திருடி வைத்துக்கொண்டு கூடவே நின்று தேடினாளே, அதை எந்தப் பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொல்லித் தீர்ப்பாள்?

மேடையில் பெர்னார்ட் மைக்கைத் தட்டினார். "டீனா டீச்சர்தான் இனிமே நம்ம ஆறு பால்வாடிக்கும் சூப்பர்வைசர். புக்கப் பாத்துட்டு ஃபாதர் மறுபேச்சே பேசல."

நாற்பது டீச்சர்களும் கைதட்டினார்கள். ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்று டீனா எழுந்து, அள்ளி அள்ளிப் பரிமாற ஆரம்பித்தாள். நல்ல பட்டுப்புடவை. யூனிஸ் இருக்கும் பக்கம் மட்டும் அவள் பார்வை போகவில்லை.

"பதினேழாவது பக்கம் எடுங்க. பிள்ளைய எப்பக் கூப்பிட்டாலும் அதோட வலது பக்கமாப் போய் நின்னு, மெதுவாக் கைய ரெண்டு தட்டுத் தட்டி, அப்புறம் பேர் சொல்லணும்."

யூனிஸ் நிமிர்ந்தாள். அந்த விதி எல்லாப் பிள்ளைகளுக்காகவும் எழுதியதல்ல. ஒரே ஒரு பிள்ளைக்காக எழுதியது. டீனாவின் மகன் க்ளென்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் யூனிஸின் வகுப்பில் இருந்தான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். எல்லோரும் அவனைத் திமிர் பிடித்தவன் என்றார்கள், டீனா உட்பட. யூனிஸ்தான் ஒரு வாரம் கவனித்து, அவனுக்கு இடது காது சுத்தமாகக் கேட்கவில்லை என்று கண்டுபிடித்தாள். சொன்னதும் டீனா காலில் விழாத குறை. "யாருக்கும் சொல்லிடாதீங்கக்கா. கான்வென்ட்ல சேக்க மாட்டாங்க. மாமியார் என்னையத்தான் குத்தம் சொல்லும்." யூனிஸ் ஜெபமாலையைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். அவனை மட்டும் வலப்பக்கம் போய்க் கூப்பிட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று முப்பது பிள்ளைகளையும் அப்படியே கூப்பிட்டாள். நோட்டிலும் காரணம் எழுதவில்லை. டீனாவிடம்கூட இந்த ஏற்பாட்டைச் சொன்னதில்லை. சொன்னால் அவள் மறுபடி அழுவாள் என்று விட்டுவிட்டாள்.

யூனிஸ் கையைத் தூக்கினாள். "டீச்சர், அது ஏன் வலது பக்கம்?"

டீனா முதல் தடவையாக அவளைப் பார்த்தாள். ஒரு விநாடி தடுமாறினாள். அப்புறம் சிரித்தாள். "வலது பக்கம் கேட்டா மூளை நல்லா வளருமாம். ஃபாரின்ல கண்டுபிடிச்சிருக்காங்க."

எல்லோரும் அதை எழுதிக்கொண்டார்கள். தான் பெற்ற பிள்ளைக்காக எழுதிய வரி என்று டீனாவுக்குத் தெரியவில்லை. யூனிஸுக்கு அதுதான் நோட்டு போனதைவிட வலித்தது.

மேலே கேள்வி வந்துவிடப் போகிறதே என்று டீனா அவசரமாகச் சொன்னாள்: "வாங்க யூனிஸக்கா, செஞ்சு காட்டலாம். நீங்க பிள்ளையா இருங்க."

யூனிஸ் போய் மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "முதல்ல தப்பா எப்படிக் கூப்பிடறதுன்னு பாருங்க" என்று டீனா அவளுடைய இடது பக்கம் நின்று கைதட்டினாள். "யூனிஸ்!"

யூனிஸ் திரும்பவில்லை. தரையில் விரலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யூனிஸ்!"

திரும்பவில்லை. ஹாலில் யாரோ சிரித்தார்கள். யூனிஸ் தலையைக் கொஞ்சம் சாய்த்து, வாயைத் திறந்தபடி, வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். க்ளென் அப்படித்தான் உட்காருவான். அந்தச் சாய்ந்த தலையைப் பெற்றவளுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? டீனாவின் கை பாதியில் நின்றது. மெதுவாகச் சுற்றி வலது பக்கம் வந்தாள். மண்டி போட்டாள். இரண்டு தட்டுத் தட்டினாள்.

யூனிஸ் திரும்பிப் பார்த்தாள். டீனாவின் கண் கலங்கியிருந்தது. புரிந்துவிட்டது, இந்த வரி அக்கா எழுதியது என்று இதோ சொல்லப்போகிறாள் என்று யூனிஸ் நினைத்தாள். சொன்னால் போதும், புத்தகத்தையும் வேலையையும் அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றுகூட அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றியது.

டீனா எழுந்தாள். புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு கூட்டத்தைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா? சில பிள்ளைங்களுக்கு ஒரு பக்கம் காது கேக்காது. பெத்த அம்மாவுக்கே தெரியாது. டீச்சர்தான் கண்டுபிடிக்கணும். அதுக்குத்தான் இந்தப் பழக்கத்த ஆரம்பிச்சேன். எழுதிக்கோங்க."

நாற்பது தலைகளும் குனிந்தன. அந்த அம்மா யார் என்று யாரும் கேட்கவில்லை. யூனிஸ் ஒரு பெயரைச் சொன்னால் போதும், எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். ஜெபமாலையைத் தொட்டுச் சத்தியம் செய்தவள் சொல்ல மாட்டாள் என்பது டீனாவுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.