ஜனாதிபதியின் காவல்காரி

தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் ஒரு சின்ன ஊரின் நீதிமன்ற வாசலில் பழைய வெள்ளைக்கார ஜனாதிபதி ஒருவர் வெண்கலத்தில் நிற்கிறார். காவல்காரி புசெலெட்சோவின் கொள்ளுப்பாட்டனிடமிருந்து நிலத்தைப் பிடுங்கியது அவருடைய ஆட்சிதான். பாரம்பரியச் சின்னம் என்பதால் அவரை யாரும் தொடக் கூடாது. சுற்றிலும் முள்கம்பி, காவலுக்குப் புசெலெட்சோ. வேறு வேலை கிடைத்திருந்தால் அவள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்கமாட்டாள்.

திங்கட்கிழமை காலை, சிலையை எடுக்கச் சொல்லி ஊர்வலம் வந்தது. முன்னால் சிவப்புப் பெயின்ட் வாளியோடு தெஃபோ, அவள் தெருக்காரன்.

"தள்ளுக்கா. போயும் போயும் இந்த ஆளுக்கா காவல்?"

"இவனுக்கு யாருடா காவல்? என் வேலைக்குக் காவல். நீ ஊத்திட்டுப் போயிடுவே, நாளைக்கு என் வீட்ல சோளக்களி யாரு கிண்டுவா?"

"உனக்கும் சேத்துத்தான்கா ஊத்துறேன்!" என்று வீசினான்.

ஜனாதிபதியின் பூட்ஸில் நாலு துளி விழுந்தது. மீதி முழுக்கப் புசெலெட்சோவின் மேல். தெஃபோ பதறிப்போய்த் தன் சட்டையைக் கழற்றி அவள் முகத்தைத் துடைத்தான். அவளுக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா, அவளுக்கே தெரியவில்லை. கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது.

மதியம் தலைநகரிலிருந்து சிலைப் பராமரிப்பு நிபுணர் ஒருவர் வந்தார். பஞ்சில் மருந்து தொட்டு, பூட்ஸைக் கைக்குழந்தைக்குத் துடைப்பதுபோல் துடைத்தார்.

"வேற ஏதாவது சேதம் உண்டாம்மா?"

அவள் தன் சீருடையைக் காட்டினாள். அவர் படிவத்தில் 'வேறு சேதம் இல்லை' என்று எழுதினார்.

"அந்த மருந்துல கொஞ்சமாவது குடுங்க சார்."

"இது வெண்கலத்துக்கு மட்டுந்தாம்மா."

அவள் சிவப்புச் சீருடையோடே மறுபடி காவலுக்கு நின்றாள். மாலைவரை அவ்வழியே போன எவரும் ஜனாதிபதியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்கள்.