நாக்குச் சுருள்

"நாக்க நீட்டுப்பா" என்றாள் மோகனப்ரியா. ஷிப்ட் முடிந்து, லேத்து எண்ணெய் வாடையோடு அப்போதுதான் பாகலூர் ரோட்டு வீட்டுக்குள் நுழைந்திருந்த ரத்தினவேல், சட்டையைக்கூடக் கழற்றாமல் மகளுக்கு நாக்கை நீட்டினான்.

"ரெண்டு ஓரத்தையும் மேல மடிச்சு, குழாய் மாதிரி சுருட்டு."

அவனுக்குக் கண் பிதுங்கியதே தவிர, நாக்கு தட்டையாகவே கிடந்தது. "இரும்பக் குடு, சுருள் சுருளா எடுக்கறேன். இது ஆவாது பாப்பா."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு அது பூவிதழ் போலச் சுருண்டது. "இது ஓங்கு பண்பாம்ப்பா. சயின்ஸ் சார் எல்லார் வீட்லயும் பாத்துட்டு வரச் சொன்னாரு. அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் வரலைன்னா பிள்ளைக்கு வராதாம். அப்ப, எனக்கு அம்மாகிட்ட இருந்துதான் வந்திருக்கு."

அடுப்படியில் ஜோதிமணியின் கரண்டி நின்றது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் பெற்றவளை இழந்து கிடந்த சிசுவை முறைப்படி தத்தெடுத்து, சேலத்துச் சொந்தங்களின் வாய்க்குத் தப்பி இந்த ஊருக்கு வந்தவர்கள் அவர்கள். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தார்கள். பரீட்சை முடியட்டும் என்று ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டார்கள். ஜோதிமணி எவர்சில்வர் தட்டை எடுத்து, அதில் முகம் பார்த்து, திருட்டுத்தனமாக நாக்கை மடித்துப் பார்த்தாள். மடியவில்லை. முருகா, இந்த ஒரு தடவை மட்டும் என்று வேண்டிக்கொண்டு மறுபடியும் முயன்றாள்.

"அம்மா, வா. உன் முறை."

முருகன் படத்துக்கு ஏற்றிய விளக்கின் முன்னால் அவளை உட்காரவைத்தாள் மகள். ஜோதிமணி வாயைத் திறந்தாள். நாக்கு நடுங்கியது, சுருளவில்லை.

"வரலையாம்மா?"

சிரிப்பு நின்றுவிட்டது. மோகனப்ரியா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஒரு கர்நாடக லாரி நீளமாக ஹாரன் அடித்துப் போனது.

"பாப்பா, உன்கிட்ட ஒண்ணு..." என்று தொடங்கினாள் ஜோதிமணி.

"பேசாதம்மா."

அவள் எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டு வந்தாள். அம்மாவின் முகவாயை ஏந்தி, குழந்தைக்கு மருந்து புகட்டுகிறவளைப் போல, கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் அந்த நாக்கின் இரண்டு ஓரங்களையும் மெல்ல மேலே மடித்தாள்.

"பாருப்பா. அம்மாவுக்கு வருது" என்றாள்.

ஜோதிமணியின் கண்ணீர் மகளின் மணிக்கட்டில் வழிந்தது. மோகனப்ரியா விரல்களை எடுக்கவில்லை.