ஆட்டிப் பார்க்காத கொட்டை

கார் பாலத்தில் ஏறியதும் அர்ச்சுனன் பிஸ்கட் டின்னைத் திறந்து, ஒரு ஜாதிக்கொட்டையை எடுத்துக் காதோரம் ஆட்டினார். ஓட்டுக்குள் பருப்பு கடகடவென்றது. "உள்ளதான் இருக்கா எம்புள்ள," என்றார். மகன் கிஷன் காரை ஓட்டினான். பின்சீட்டில், அவன் கூப்பிட்டதால் வந்த பழைய பக்கத்துவீட்டுக்காரி ஹாஜரா. அக்கரையில், பத்து காவான் என்ற ஊரில் கிஷன் வாங்கிய, கொல்லையுள்ள தரைவீட்டுக்கு அன்றுதான் சாவி கிடைத்திருந்தது.

சுங்கை பினாங்கில் அவர்கள் முன்பு இருந்த ஆற்றோர வீட்டை உடைத்தபோது ஜாதிக்காய் மரமும் போயிற்று. மகள் காமினி பள்ளிச் சீருடையோடு நட்ட மரம். அது காய்ப்பதற்குள் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. வெட்ட வந்தவனை நிறுத்திவைத்து, கடைசிக் காய்களைப் பறித்துக்கொண்டுதான் அர்ச்சுனன் நகர்ந்தார். குடிபோன ஃபிளாட்டில் மண் ஏது? கிஷனுக்கு வீடு வரும்வரை கொட்டைகளைக் காப்பாற்றியாக வேண்டும்.

ஜாதிக்காய் ஊறப்போட்டு விற்கும் ஹாஜரா அன்றே சொன்னாள்: "காயவிடாதீங்கண்ணே. ஈரத்தோட மண்ணுப் பையில ஊனி எங்கிட்ட குடுங்க. நான் பாத்துக்கிறேன்லா."

அவருக்குச் சுருக்கென்றது. ஊறுகாய்க்காரிக்கு எதற்கு என் மகள் மரம்? 'நான் பாத்துக்கிறேன்' என்று வாங்கிப்போனவன் எவன் திருப்பிக் கொடுத்தான்? கொட்டையைச் சுற்றியிருந்த சிவப்புப் பத்திரியை உரித்து, ஜன்னலோரம் வெயிலில் நன்றாகக் காயவைத்து டின்னில் அடைத்தார். கொஞ்ச நாளில் கொட்டைகள் ஒவ்வொன்றாகச் சத்தம் போட ஆரம்பித்தன. அதைக் கேட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

புதுவீட்டுக் கொல்லையில் குழி வெட்டியாயிற்று. ஒரு கொட்டையை ஹாஜராவின் காதருகே ஆட்டினார். "கேளு. உங்கிட்ட குடுத்திருந்தா இந்நேரம் போத்தல்ல கிடக்கும்."

அவள் சிரிக்கவில்லை.

"என்னா மூஞ்சி அப்படிப் போவுது?"

"அண்ணே... ஆடுச்சுன்னா உள்ள சுருங்கிப்போச்சு. சத்தம் வந்தா மொளைக்காதுண்ணே."

"பொய்யி. பொறாமைல பேசற."

ஹாஜரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"விடுங்கப்பா," என்றான் கிஷன். "நர்சரில நல்ல கன்னு ஒண்ணு வாங்கலாம்."

"அது காமினி வச்சதாடா?"

அர்ச்சுனன் மண்ணில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டினார். இத்தனை நாள் சத்தத்துக்காகக் காதைத் தீட்டியவர், இப்போது அது வரக் கூடாதென்று பல்லைக் கடித்தார். கடகட. கீழே வைத்தார். அடுத்தது. கடகட.

டின்னின் அடியில் ஒன்றே ஒன்று. காதுவரை கொண்டுபோன கை நின்றது. ஆட்டவில்லை. விரல்களை மூடிக்கொண்டு, முழங்காலால் குழியை நோக்கி நகர்ந்தார், உள்ளே கொட்டை ஆடிவிடாமல் அந்தக் கையை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்தபடி.